இடப்பக்கத்து மேப்பிள்

ஓரின் பிளாட்ஜெட்டுக்குக் கை சும்மா இருக்காது. அவருடைய பெருமையும் அதுதான், அவருக்கு வந்த கேடும் அதுதான். சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தால், பேசிக்கொண்டே அதை முழுசாகப் பிய்த்து எடுத்துவிட்டு, அதன்பிறகு "ஊசி நூல் இருக்கா?" என்று கேட்கிற ஆள்.

எங்கள் ஆர்லிஸ் ஊரில் அவர் முப்பத்தொரு வருடம் மர வார்டனாக இருந்தார். பகலில் பால் நிலையத்தில் கேன்களை எடை போடும் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஊரின் சாலையோர மரங்களைப் பராமரிக்கும் இந்த வார்டன் வேலைதான். மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் கூடும். சாலைக்கு எவ்வளவு பணம், பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று காலையெல்லாம் முட்டி மோதிவிட்டு, அடுத்த அறையிலிருந்து பீன்ஸும் பன்றித்தொடைக் கறியும் மணக்க ஆரம்பித்து, எல்லோருக்கும் வயிறு கிள்ளுகிற நேரத்தில் மர வார்டன் பதவி வரும். சாலை லாரி ஓட்டும் மெர்டன் எழுந்து "ஓரின்" என்பான். அவன் அக்காவும் ஓரினின் மனைவியுமான ஐடெல்லா, பின்னல் ஊசியை நிறுத்தாமல், "வழிமொழியறேன்" என்பாள். கூட்டம் மொத்தமாகத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போகும். வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டாம் என்பது ஓரினுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அவர் அன்றைக்கு டை கட்டிக்கொண்டுதான் வருவார்.

அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு மேப்பிள் மரங்கள் நின்றன. கல்யாணம் ஆனதும் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் நின்று சாலையைப் பார்த்தால் இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் கணவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில், கல்யாணத்துக்கு அடுத்த வாரம், இருவரும் மலைக்குப் பின்னால் போய் விரல் தடிமனில் இரண்டு கன்றுகளைத் தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து நட்டார்கள். நட்ட இடம் சாலையின் எல்லைக்குள் விழுந்ததால் சட்டப்படி இரண்டும் ஊர் மரங்கள். அன்றைக்கு அது யார் மண்டையிலும் ஏறவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஐடெல்லாவும் சொல்லவில்லை. ஆனால் மற்ற வீடுகளில் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவார்களே, அவள் தன் சமையலறைக் கதவு நிலையில் இடப்பக்கத்து மரத்தின் சுற்றளவைக் குறித்துவந்தாள். வருடத்துக்கு ஒருமுறை, நட்ட தேதியன்று, தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் மரத்தைக் கட்டிப்பிடித்து அளப்பாள். அது எதற்கென்று ஓரினுக்குப் புரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையையும் வாயையும் அடக்கிவைத்திருந்தார்.

மரம் வாளி தாங்குகிற பருமனுக்கு வந்ததும், மார்ச்சில் அதில் துளை போட்டு, சொட்டுகிற இனிப்புச் சாற்றைப் பிடிக்க ஒரே ஒரு வாளி தொங்கவிட ஆரம்பித்தாள். பெரிய மேப்பிள் தோப்புக்காரர்கள் சாற்றைப் பாகாகக் காய்ச்சத் தனிக் கொட்டகை வைத்திருப்பார்கள். இவள் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சினாள். நாள் முழுக்க எழும் ஆவியில் சுவர்க்காகிதம் மூலைகளில் உரிந்து தொங்கும். ஓரின் முணுமுணுத்துக்கொண்டே மாவுப்பசை கிண்டி அதை ஒட்டுவார். பிறகு வாசல் பனியைத் தட்டில் அள்ளிவந்து, அதன்மேல் சூடான பாகை ஊற்றி, ஜவ்வாக இறுகியதை முள்கரண்டியில் சுற்றிச் சாப்பிடுவார்கள். தித்திப்பு திகட்டினால் புளித்த வெள்ளரிக்காய் ஒரு கடி. வருடத்தில் அந்த ஒரு நாள் ஐடெல்லா வாய்விட்டுச் சிரிப்பாள் என்று மெர்டன் சொல்வான். அவன் அக்காவைப் பற்றி அவன் மிகைப்படுத்துகிறவன் அல்ல.

அந்த மெர்டன்தான் ஐம்பத்தைந்தாம் வருடம் பிப்ரவரியில், பனி தள்ளும் லாரியை அவர்கள் வாசலில் சறுக்கவிட்டான். முன்னால் கட்டியிருந்த இரும்புத் தகடு முதலில் இடப்பக்கத்து மரத்தை உரசி, பிறகு வலப்பக்கத்து மரத்தை உரசி நின்றது. இரண்டிலும் ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து வெள்ளை மரம் தெரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினான்.

"ஓரின், திட்டணும்னா திட்டிடு. ரெண்டையும் உரசிட்டேன். உங்க ரெண்டு பேர்ல யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணலை."

"உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் யாருன்னு சொல்லுடா, அவனைப் பாத்து நாலு கேள்வி கேக்கணும்" என்றாள் உள்ளேயிருந்து ஐடெல்லா. குரலில் விளையாட்டு இல்லை. அவள் வெளியே வந்து தன் மரத்தின் காயத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கையுறைகூடப் போட்டிருக்கவில்லை.

ஓரின் அப்போதே மனசுக்குள் சத்தியம் செய்துவிட்டார். இந்தக் காயத்தை ஆற்றாமல் விடுவதில்லை. ஜூன் மாதம், இலை முழுக்க விரிந்தபின், வளைந்த கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கந்தலாகக் கிடந்த பட்டையின் ஓரத்தை நல்ல பட்டை வரும்வரை செதுக்கி, காயத்தைப் படகு வடிவத்துக்குக் கொண்டுவந்து, மேலே கறுப்பு மருந்துப்பூச்சு பூசினார். அந்தக் காலத்தில் வார்டன்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் செய்தது எல்லோரையும்விட அழகாக இருந்தது. துளைத்தால் மரத்துக்கு இன்னொரு காயம் என்றும், ஆறும்வரை வாளி தொங்கவிடக் கூடாது என்றும் சொன்னார். ஐடெல்லா சரி என்றாள்.

"உன்னுதுக்கு எப்ப கட்டு போடுவே?" என்று கேட்டான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மெர்டன்.

"என்னுது கெடக்கட்டும். ஆம்பளை மரம். தானே ஆறிக்கும்" என்றார் ஓரின்.

மெர்டன் சிரித்தான். ஐடெல்லாவும் சிரித்தாள். தனக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

காயம்பட்ட மேப்பிள், ஓரத்திலிருந்து புதுப்பட்டையை உதடுபோல உருட்டிக்கொண்டு வரும். இரண்டு பக்கத்து உதடும் வந்து தொட்டுக்கொண்டால் காயம் மூடியது என்று அர்த்தம். அடுத்த ஜூனில் ஓரின் பார்த்தபோது இடப்பக்கத்து மரத்தின் உதடு சொரசொரவென்று வெடித்திருந்தது. ஓரமெல்லாம் மரத்தூள் போலப் பழுப்புப் பொடி. கத்தி நுனியால் கிளறினால், பட்டைக்கு அடியில் பழுப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக ஒரு புழு நெளிந்தது. ஓரினுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எல்லாப் புழுவையும் கம்பியால் குத்தி எடுத்து, அவை தின்ற ஓரத்தை முழுக்கச் செதுக்கித் தள்ளி, மறுபடி மருந்து பூசினார். காயம் போன வருடத்தைவிட அரை விரல் பெரிதானது. ஆனால் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருப்பதுதான் அவருக்குக் கணக்கு. அதற்கடுத்த ஜூனிலும் இதே கதை, அதற்கடுத்த ஜூனிலும் இதே கதை.

அப்படிச் செதுக்குகிற காலை நேரங்களில்தான் அந்தக் குளவிகளைப் பார்த்தார். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கருநீல உடம்பில் மஞ்சள் வளையம், கண்ணாடி இறக்கை, வால் நுனியில் செங்காவி நிறத்தில் ஒரு குஞ்சம். புதிதாய்ச் செதுக்கிய ஓரத்தில் வந்து உட்காரும், இப்படியும் அப்படியும் நடக்கும், வாலை வளைத்து வெடிப்புக்குள் ஒற்றி ஒற்றி எடுக்கும். ஓரினுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார். விறகு அடுக்கில் நீள வால் குளவிகள் வந்து, மரத்துக்குள் கிடக்கும் புழுவைத் தேடி வாலை இறக்கி, அதன்மேல் முட்டையிட்டு அதைக் கொல்வதை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். ஆக இவையும் அந்த ஜாதிதான். புழுவை வேட்டையாட வந்தவை. நம் ஆட்கள்.

அன்றுமுதல், வேலை செய்யும்போது ஒரு குளவி வந்து உட்கார்ந்தால் அவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொட்டு மரியாதை சொல்லிவிட்டு, நாலடி தள்ளி நின்று, அது வந்த வேலையை முடித்துப் போகும்வரை காத்திருப்பார்.

"பாதிரியார் வந்தாக்கூட நீ தொப்பியைத் தொடமாட்டே" என்பாள் ஐடெல்லா.

"பாதிரியார் எனக்கு ஒரு புழு புடிச்சுக் குடுத்ததில்லையே."

அறுபத்தாறாம் வருட ஊர்க்கூட்டத்தில் மெர்டன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். அவன் லாரித் தகடு பட்ட மரங்கள் ஊரெங்கும் இருந்தன. எல்லாவற்றிலும் ஓரினின் படகு வடிவக் காயம், எல்லாவற்றிலும் ஜூன் வந்தால் இந்தக் குளவி. பள்ளிக்கூட வாசல் மரத்தில் குழந்தைகள் பயப்படுகிறார்கள், அடிமரங்களுக்கு மருந்து தெளிக்கவேண்டும் என்றான்.

ஓரின் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். எப்போதும் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசாதவர் அன்றைக்குக் கால் மணி நேரம் பேசினார்.

"இந்தக் குளவி இதுவரைக்கும் யாரையாவது கொட்டியிருக்கா? கொட்டினவங்க கை தூக்குங்க. பாத்தீங்களா, ஒருத்தர்கூட இல்ல. அதுக்கு உங்ககிட்ட வேலையே கெடையாது. அது புழுவைத் தேடி வருது. நான் கத்தியை வெச்சுக்கிட்டு வருஷத்துக்கு ஒருதடவை செய்யறதை அது வருஷம் பூரா செய்யுது. மருந்து அடிச்சீங்கன்னா மொதல்ல சாவறது நம்ம காவல்காரன்தான்."

"கொட்டாத குளவியை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றான் மெர்டன்.

"அக்சிடென்ட் பண்ணாத டிரைவரையும் நீ கேள்விப்பட்டதில்லையே."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் செத்துப்போனது. மருந்து வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் ஐடெல்லாவின் கைதான் முதல் கை. கொட்டாத குளவி எப்படிக் குளவியாகும் என்று, அங்கே இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. நாங்களும்தான் யோசிக்கவில்லை. மெர்டனுக்கு மட்டும் அது நாக்கு நுனிவரை வந்திருந்தது, அவனைத்தான் நாங்கள் சிரித்து உட்காரவைத்தோம்.

வருடங்கள் போயின. இடப்பக்கத்துக் காயம் ஒரு கை அகலத்திலிருந்து இரண்டு கையானது, பிறகு முழங்கை நீளமானது. ஐடெல்லா வாளி தொங்கவிடவில்லை. கதவு நிலையில் மட்டும் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு ஜூனில் அவர் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓரின், இந்த வருஷம் விட்டுடேன். கொஞ்சம் சும்மா இருக்கட்டும் அது."

"சும்மா விட்டா புழு தின்னுடும்."

"உன் மரத்தைப் பாரு. நீ தொடவே இல்ல. மூடிடுச்சு."

"அது வேற."

"என்ன வேற? அதே தகடு, அதே நாள்."

"உன்னுதுல புழு இருக்கு, என்னுதுல இல்ல."

"அதான் கேக்கறேன். ஏன் இல்ல?"

"அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கத்தியின் கூரைக் கட்டைவிரலில் பார்த்தார். அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. முப்பது வருடமாக மர வார்டனாக இருக்கிறவரிடம் மரத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வாதாடுவது?

எழுபத்தாறாம் வருடம் ஜூன் பத்தாம் தேதி காலை, காப்பிக் கோப்பையோடு மரத்தடிக்குப் போனபோது காயத்தின் ஓரத்தில் ஏதோ அசைவதைப் பார்த்தார். வெடிப்பிலிருந்து புழுவின் கூட்டுத்தோல் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வெற்றுத் தோல்களை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். குளவி கொன்றுபோட்ட புழுவின் மிச்சம் என்று நினைத்துத் திருப்தியோடு சுண்டிவிட்டிருக்கிறார். இந்தத் தோல் காலியாக இல்லை. முதுகில் பிளந்து, உள்ளேயிருந்து ஈரமாக ஒரு தலை வந்தது. பிறகு கசங்கிய இறக்கை. பிறகு மஞ்சள் வளையம். கடைசியில் செங்காவிக் குஞ்சம். அது பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று வெயிலில் இறக்கையை விரிக்க ஆரம்பித்தது.

உள்ளே கிடந்த புழுவைத் தின்றுவிட்டு வெளியே வந்த குளவியோ என்று ஒரு கணம் தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தார். பிறகு, இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டி அதை எடுத்தார். உள்ளங்கையில் அது வாலை வளைத்துக் கொட்டுவதுபோலக் குத்தியது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குத்தியது. வெறும் பாவனை. கட்டைவிரலால் மெல்லத் தொட்டார். விரலில் பொடி ஒட்டியது. விளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சியைப் பிடித்தால் ஒட்டுமே, அதே பொடி.

காப்பி ஆறிப்போனது. அவர் வலப்பக்கத்து மரத்துக்கு நடந்தார். இருபத்தோரு வருடமாக அதை அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. காயம் இருந்த இடத்தில் ஒரு தழும்புக் கோடு மட்டும் இருந்தது. கத்தி படாத காயம் சீக்கிரம் காய்ந்து மூடிவிட்டது, பூச்சிக்கு முட்டை வைக்க ஓரமே கிடைக்கவில்லை. பூச்சி பறக்கிற அதே மாதத்தில், அதற்கென்றே அறுத்துப் பிளந்து, விருந்தாளிக்குப் பந்தி விரிப்பதுபோல வருடாவருடம் புது ஓரம் தயார் செய்து கொடுத்தது யார் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐடெல்லாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சொல்லலாம் என்று நினைத்தார், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தார், அவள் தையல் நாடாவை எடுத்த நாளில் கட்டாயம் சொல்லிவிடுவது என்று இருந்தார். அவள் அளந்துவிட்டு வந்து, "இந்த வருஷமும் வளந்திருக்கு, அவ்வளவு வியாதியோட" என்று பெருமையாகச் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அக்டோபரில் காயத்துக்கு மேலே காளான் தட்டு ஒன்று முளைத்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பீப்பாயைத் தட்டினாற்போல் சத்தம். புழு மரத்தைக் கொல்லவில்லை. காயத்தை மூடவிடாமல் கதவைத் திறந்து வைத்திருந்தது, அழுகல் அந்த வழியாக உள்ளே போய்க் குடியேறிவிட்டது. மரம் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் கீழே பள்ளிக்கூடப் பேருந்து காலையும் மாலையும் போனது.

ஜனவரியில் மெர்டன் வந்தான். இந்தத் தடவையும் தொப்பி கையில்.

"ஓரின், நோட்டீஸ் ஒட்டிடு. நீ ஒட்டலைன்னா ஊர்ச்சபைக்காரங்க ஒட்டுவாங்க. அக்கா அதை வேற ஒருத்தன் கையால பாக்கக் கூடாது."

ஊர் மரத்தை வெட்டவேண்டுமானால் வார்டன் அதில் நோட்டீஸ் கட்டவேண்டும். பதினைந்து நாள் கழித்து விசாரணை. ஆட்சேபணை இருப்பவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். ஓரின் ஆணி அடிக்கவில்லை. நோட்டீஸைக் கயிற்றில் கட்டினார். ஐடெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சமையல் குறிப்பு எழுதும் அட்டை ஒன்றை எடுத்து, நாலு வரி எழுதி, மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆட்சேபணை.

விசாரணைக்குப் பதினோரு பேர் வந்திருந்தோம். ஹாலில் அடுப்பு புகைந்தது. ஓரின் டை கட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த அட்டையை வாசித்துவிட்டு, "ஆட்சேபணை குடுத்தவங்க பேசலாம்" என்றார்.

முன்வரிசையிலிருந்து ஐடெல்லா எழுந்தாள். அன்றைக்குப் பின்னல் கொண்டுவரவில்லை.

"வார்டன் அவர்களே, இந்த மரத்தை இருபத்தோரு வருஷமா ஒருத்தர் பாத்துக்கிட்டு வராரு. ஊர்ல வேற எந்த மரத்துக்கும் அந்தக் குடுப்பினை கெடையாது. குளவிங்க காவல் இருக்குன்னு இதே ஹால்ல அவர் சொன்னாரு, நான் கை தூக்கினேன். அவரே இன்னும் ஒரு வருஷம் வைத்தியம் பாக்கட்டும். கொம்பை வெட்டிச் சாய்வைக் குறைங்க. அடிமரத்தைத் தொடாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் சமாளித்திருப்பார்.

"அது குளவி இல்ல, ஐடெல்லா" என்றார்.

"என்ன?"

"அது குளவி இல்ல. அந்துப்பூச்சி. குளவி வேஷம் போட்டுக்கிட்டு வருது. புழு அதோட குட்டிங்கதான். ஜூன்ல நான் செதுக்கற ஓரத்துலதான் முட்டை வெக்குது. நான் செதுக்காம விட்டிருந்தா…" கையிலிருந்த அட்டையை மேஜையில் கவிழ்த்தார். "என் மரம் மாதிரி மூடியிருக்கும்."

மெர்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்த மூஞ்சியை அவன் காட்டவில்லை என்பதை அவனுக்காகச் சொல்லவேண்டும்.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் ஐடெல்லா.

"ஜூன்ல."

"இது பிப்ரவரி."

"ஆமா."

"நான் நாடா வெச்சு அளந்துட்டு வந்து சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறாளா என்று ஊர் எழுத்தர் கேட்டார். "இல்ல. அப்படியே இருக்கட்டும். எழுதி வெச்சுக்குங்க" என்றாள். ஓரின் கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பேருந்தை உத்தேசித்து மரத்தை வெட்டலாம் என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருவரும் ஒரே காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். வேறு கார் கிடையாது.

பிப்ரவரி கடைசியில் வெட்டினார்கள். முழங்கை நீளக் காயத்துக்குப் பின்னால் ஒரு வாளி உள்ளே போகிற அளவுக்குப் பொந்து. அதைச் சுற்றி நல்ல மரமும் நிறைய இருந்தது, அதுதான் பார்க்க முடியவில்லை. வெயில் ஏறியதும் அடிக்கட்டையில் சாறு ஊறி மேலே நிறைந்து, ஓரத்தில் வழிந்தது. வெட்டியது அதற்கு இன்னும் தெரியவில்லை. ஐடெல்லா வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறைக் கதவு நிலையைப் பார்த்தேன், பென்சில் எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அழிக்கவும் இல்லை, கீழே கோடு போட்டு முடிக்கவும் இல்லை.

அடுத்த செவ்வாய் ஊர்க்கூட்டம். பீன்ஸ் மணக்க ஆரம்பித்ததும் மர வார்டன் பதவி வந்தது. மெர்டன் எழுந்து "ஓரின்" என்றான். எல்லோரும் காத்திருந்தோம். ஐடெல்லாவின் பின்னல் ஊசி நிற்கவில்லை, வாயும் திறக்கவில்லை. ஹாலில் அந்த ஊசிச் சத்தம் மட்டும் கேட்டது. தாங்கமுடியாமல் பின்வரிசையில் யாரோ வழிமொழிந்தார்கள். ஓரினுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, எங்களுக்கு வேறு ஆளும் இல்லை. ஊரெங்கும் அவர் கையால் திறந்துவைத்த மரங்கள் இருபத்திரண்டு நிற்கின்றன. மறுபடி அவரே வார்டன்.

மார்ச் நடுவில் ஒரு பகல், இரவுப் பனி இளகிச் சொட்டுகிற நேரம். ஓரின் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். ஐடெல்லா கொட்டகையிலிருந்து கைத்துளைப்பானும் சாறு வடிக்கும் குழாய்களும் மூன்று வாளிகளும் எடுத்துக்கொண்டு அவரைக் கடந்துபோனாள். அடிக்கட்டையின் பக்கம் திரும்பவில்லை. நேரே வலப்பக்கத்து மரத்துக்குப் போய், இடுப்பு உயரத்தில் துளைப்பானை வைத்து, உடம்பை அதன்மேல் சாய்த்துச் சுற்ற ஆரம்பித்தாள். வெள்ளைச் சுருள்கள் பனியில் விழுந்தன. ஒன்று முடித்து, நாலு விரல் தள்ளி இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"ஐடெல்லா, ஒண்ணு போதும். ஜூன்ல அது வரும்."

"தெரியும்."

"அந்த ஓட்டை ஓரத்துலதான் வந்து உக்காரும்."

"தெரியும் ஓரின். நீ ஹால்ல சொன்னப்ப நான் முன்வரிசையிலதான் இருந்தேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது குழாயை அடித்து இறக்கினாள். சாறு சொட்ட ஆரம்பித்தது. "ஆம்பளை மரம்னு சொன்னியே. தானே ஆறிக்கும்."

அன்று அடுப்பில் சாறு கொதித்தது. சுவர்க்காகிதம் உரிந்து தொங்கியது. அவர் பசை கிண்டவில்லை. அவள் பனித்தட்டில் பாகை ஊற்றி, இரண்டு முள்கரண்டி வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். இடப்பக்கத்து மரத்துப் பாகைவிட இது நன்றாக இருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

ஜூனில் வெயில் சுள்ளென்று அடித்த முதல் காலை, ஓரின் படியில் உட்கார்ந்திருந்தார். மரத்தில் மூன்று துளைகளைச் சுற்றியும் இளம் உதடு திரண்டிருந்தது. கத்தியால் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தொடாமல் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம், பிழைக்காமலும் போகலாம். ஒரு பூச்சியை அடித்தால் இன்னொன்று வரும். ஊர் முழுக்க அவரே வளர்த்துவிட்ட கூட்டம். சமையலறை ஜன்னலில் ஐடெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றாள்.

மஞ்சள் வளையம் போட்ட ஒன்று வந்து கீழ்த் துளையின் ஓரத்தில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் நடந்தது. வாலை வளைத்தது. பழக்க தோஷத்தில் ஓரினின் கை தொப்பி விளிம்புக்குப் போனது. பாதியில் நிறுத்தி, கையைக் கீழே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்.